ரேடியோவுக்கு ஏற்றிய வெள்ளை

"ரத்தம் தர மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? கூடப்பிறந்தவளுக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறேன்? ஆனா ஒண்ணு..."

அண்ணன் "ஆனா ஒண்ணு" என்று ஆரம்பித்தால் அதற்கப்புறம் வருவதுதான் பேச்சு. அதுவரை வந்ததெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி. தங்கைக்கு அது தெரியும். அண்ணிக்கும் தெரியும். அதனால்தான் அண்ணி கையிலிருந்த தம்ளருக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள்.

"அந்த ஒண்ணைச் சொல்லிடு அண்ணே. எனக்கு மூச்சு வாங்குது. நீ சுத்தி வளைச்சு வர்ற வரைக்கும் தாங்காது."

"அந்த லிஃப்ட்காரனை விட்டுடு."

"விடறதுக்கு நான் என்ன அவரைக் கயித்துல கட்டியா வச்சிருக்கேன்?"

"பார்த்தியா, பார்த்தியா! இந்த வாய்தான்!" அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். "செத்துப் பிழைக்கக் கிடக்கா, ரேடியோ மட்டும் நிக்குதா பாரு."

ரேடியோ என்பது அவர் வைத்த பெயர். தங்கை பேசக் கற்றுக்கொண்ட வருஷம் வைத்தது. அப்புறம் தெருவில், பள்ளியில், இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் என்று அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே எங்கேயும் போய்ச் சேர்ந்துவிடும். ஐம்பதை நெருங்கிவிட்டாள். புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஏழாவது மாடியில் தனிக் குடித்தனம். அந்த மாடிக்கு ஏறுகிற லிஃப்ட் ஒருநாள் நடுவழியில் நின்றபோதுதான் அந்த மனிதர் வந்தார். வெளியே நின்று கையால் சுற்றி அதை அடுத்த மாடிக்குக் கொண்டுவரும் வரை உள்ளேயிருந்து இவள் பேசிக்கொண்டே இருந்தாளாம். வெளியே வந்ததும், "கதவைத் திறக்கவே மனசு வரலைங்க" என்றாராம் அவர். தலை நரைத்த ஆள். கல்யாணமே செய்துகொள்ளாதவர். இப்போது செய்துகொள்கிறேன் என்கிறார். இவளும் சரி என்று சொல்லிவிட்டாள். அண்ணனிடம் கேட்கவில்லை, சொன்னாள். அவ்வளவுதான் குற்றம்.

இதற்கு நடுவில் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக ரத்தம் போய், முகம் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி ஆகிவிட்டது. எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். எடுக்கும்போதும் ரத்தம் போகும், ஏற்றவேண்டி வரும். இவளுக்கோ யாருக்கும் ஒத்துவராத ஏதோ அபூர்வ வகை. எந்த ரத்த வங்கியிலும் இல்லை. தேடித் தேடிப் பார்த்ததில் பொருந்துகிற ஆள் ஒருவர்தான் கிடைத்தார். எதிரே சோபாவில் உட்கார்ந்து, "ஆனா ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்.

"இந்த வயசுல, ஒரு மெக்கானிக்கை... ஊர் என்ன பேசும்?"

"அவர் ரிப்பேர் பண்ணின லிஃப்ட்லதானே இப்ப ஏறி வந்தே? அப்ப ஊர் ஒண்ணும் பேசலையா?"

"ஏறினது தப்புதான். இறங்கும்போது படியில இறங்கிக்கறேன்!"

"ஏங்க, உங்க முட்டி..." என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு. இதோ பாரு, ரேடியோ. அவன் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே கையை நீட்டறேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்."

தங்கை எழுந்தாள். எழுந்தவுடன் ஒரு கணம் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டே போய் வாசல் கதவைத் திறந்தாள்.

"படி இடது பக்கம் இருக்கு அண்ணே. பார்த்துப் போ. அண்ணி, நீங்க லிஃப்ட்ல போங்க."

அண்ணன் படியில்தான் இறங்கினார். ரோஷக்காரர். ஏழு மாடியும் அவர் முட்டியைத் திட்டுகிற சத்தம் மேலே வரை கேட்டது. அண்ணி லிஃப்டில் போய் கீழே வெகுநேரம் காத்திருந்தாள்.

*

"உங்க அண்ணன் தர்றேன்னுதானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கார்?" என்றார் டாக்டரம்மா.

"அவர் தருவார். நான் வாங்கிக்க மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க எனக்கு நேரமில்லை. சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவள் சொன்னால் சுருக்கமாகவா இருக்கும்? லிஃப்ட் நின்றதிலிருந்து ஆரம்பித்து, அண்ணன் படியிறங்கினது வரை வந்து, மூச்சு வாங்கி நிறுத்தினாள். டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ன பண்றதா யோசனை?"

"வெள்ளையை ஏத்துங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெள்ளை என்பது அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் தயாராவது. ரத்தத்துக்குப் பதிலாக ஏற்றுவது. ஒட்டாத வாணலியின் பூச்சில் இருக்கிறதே ஃபுளோரின், அது சேர்ந்த ஒரு வகை எண்ணெயை, முட்டைக் கருவிலிருந்து எடுத்த கொழுப்போடும் உப்பு நீரோடும் சேர்த்து, பயங்கர அழுத்தத்தில் ஒரு சின்ன இடுக்கு வழியாகத் திரும்பத் திரும்பப் பீச்சி அடிப்பார்கள். எண்ணெய் சிதறிச் சிதறி, ரத்தத்திலுள்ள சிவப்பணுவைவிடப் பொடியான துளிகளாகிவிடும். பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். அந்த எண்ணெய் ஆக்சிஜனைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். கொண்டுபோய் உடம்பில் விடும். எந்த வகை ரத்தக்காரருக்கும் ஏற்றலாம். பீச்சி அடிக்கிற அந்த மெஷினில்தான் அவளுக்கு வேலை. பொருந்துகிற ரத்தம் கிடைக்காதவர்களுக்கு ஏற்றிப் பார்க்க, அந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருந்தது.

"உங்க தொழிற்சாலை சரக்குங்கிறதால சுலபம்னு நினைக்காதீங்க," என்றார் டாக்டரம்மா. "ரத்தம் இருந்தா முதல்ல ரத்தம்தான். அதுக்கு ஈடு இது இல்லை. உங்க நிலைமையில ரெண்டு நாள் முட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான். குளிர் ஜுரம் வரலாம், முதுகு வலிக்கலாம். வேற ஏதாவதும் வரலாம், எனக்கே தெரியாததும் வரலாம். அண்ணன் ரத்தம்னா எனக்குத் தைரியமாக் கத்தி எடுக்க முடியும். வீம்புக்காக இதைப் பண்றீங்களா?"

"ஆமாம். வீம்புதான்."

"வீம்புக்கு எங்கிட்ட மருந்து கிடையாது."

"வீம்பு மட்டும் இல்லை டாக்டரம்மா. அவர் ரத்தம் ஒரு தடவை உள்ளே போச்சுன்னா அவ்வளவுதான், வெளியே வராது. நான் தும்மினாக்கூட 'உன் உடம்புல ஓடறது யார் ரத்தம்'னு கேப்பார். நான் என்ன கட்டணும், யாரைக் கட்டணும், எப்ப வாயை மூடணும், எல்லாத்துக்கும் அந்த ஒரு பை ரத்தம் சாட்சிக்கு வந்து நிக்கும். வெள்ளை அப்படியில்லை. வந்த வேலையைப் பார்த்துட்டு மூச்சோட மூச்சா வெளியே போயிடும். போகும்போது 'நான்தான் உன்னைக் காப்பாத்தினேன்'னு சொல்லிக்காட்டாது."

"எல்லாமே உடனே போயிடாது. கொஞ்சம் ஈரல்ல தங்கி மெதுவாத்தான் போகும்."

"தங்கட்டும். பேசாம தங்கும் இல்ல?"

டாக்டரம்மா சிரிக்க நேரமில்லை என்றவர்தான். சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"உங்க உடம்பு. வேணாம்னா வேணாம்தான். உங்க சம்மதமில்லாம யார் ரத்தத்தையும் நான் ஏத்த முடியாது. இதுக்கு அனுமதி தர்ற ஆஸ்பத்திரிக் குழுகிட்ட நான் பேசறேன். ஆனா ஒண்ணு..."

"ஐயோ, நீங்களுமா!"

"கேளுங்க. சிவப்பணு ஆக்சிஜனைக் கையால பிடிச்சுத் தூக்கிட்டுப் போற மாதிரி. காத்துல கொஞ்சம் குறைஞ்சாலும் சமாளிக்கும். வெள்ளை அப்படி இல்லை. நீங்க மூச்சுல இழுக்கறது எவ்வளவோ அவ்வளவுதான் அதுல கரையும். அதனால ஆக்சிஜன் முழுசாத் திறந்து, மாஸ்க் முகத்தோட ஒட்டி இருக்கணும். ஆக்சிஜன் அளக்க விரல்ல மாட்டற கிளிப் சிவப்பை மட்டும்தான் பார்க்கும். உள்ளே சிவப்பு பாதிதான் இருக்குன்னாலும் இருக்கற பாதியைப் பார்த்துட்டு தொண்ணூத்தொன்பதுன்னு காட்டிக்கிட்டே இருக்கும். அந்த நம்பரை நம்பி மாஸ்க்கை எடுத்தீங்கன்னா..."

"தெரியும் டாக்டரம்மா. எங்க மெஷின் ரூம் சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

"நின்னுக்கிட்டுப் படிக்கறது வேற. படுத்துக்கிட்டு ஞாபகம் வச்சுக்கறது வேற. மாஸ்க் போட்டிருக்கற வரைக்கும் நீங்க பேசக்கூடாது. தாடை அசைஞ்சா மாஸ்க் கசியும்."

"எதுவரைக்கும்?"

"நான் சொல்ற வரைக்கும்."

வெளியே காத்திருந்த லிஃப்ட்காரரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப கட்டி எடுக்கறது சின்ன ஆபரேஷன்," என்றார். "அப்புறம் நீங்க பேசாம இருக்கறதுதான் பெரிய ஆபரேஷன்."

"என்ன கிண்டலா?"

"பயம் மேடம்." முதல் நாள் புகாருக்கு வந்தபோது கூப்பிட்ட மேடத்தை அவர் இன்னும் விடவில்லை. குரல் தணிந்தது. "எனக்காக இதைப் பண்ண வேணாம். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவன் வேணாம்னு. பிழைச்சு வந்தப்புறம் பார்த்துக்கலாம். நான் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டேன்."

"சும்மாவாச்சும் சொல்லச் சொல்றீங்களா?"

"சும்மாதானே."

"லிஃப்ட்காரரே, நான் இவ்வளவு பேசறவ. ஆனா சும்மா எதையும் பேசினதில்லை. உங்களுக்காக நான் ஒண்ணும் பண்ணலை. நாளைக்கு உங்களோட சண்டை போட்டுட்டுத் தனியா வந்தாலும் அது என் இஷ்டமா இருக்கணும். புரியுதா?"

"புரியுது. சண்டை போடறதுக்காவது வந்து சேருங்க."

*

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. தயாரான சரக்கிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். கருவியில் போட்டுச் சோதிப்பது தனி. அது அதற்கான அறையில் நடக்கும். இது கண்ணுக்காக. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிட்டால் பாட்டில் கழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம் நிற்கும். அதற்கு அங்கே பெயர் மாலை. மாலை விழுந்தால் சரக்கு கழிவுக்குப் போய்விடும்.

"நம்ம இடத்துல மாலை விழுந்தா தூக்கி எறிஞ்சிடுவோம், உன் வீட்டுல மட்டும் மாலை மாத்திக்கப் போறியா?" என்று சோதனை அறைத் தோழி கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நிஜமாவே நம்ம சரக்கை ஏத்திக்கப் போறியா?" என்றாள்.

"ஏன், யார் யாருக்கோ அனுப்பறோம். அவங்க உடம்பு உடம்பில்லையா?"

"அதுக்கில்லைடி. நாமளே பண்ணினதுன்னா பயமா இருக்கு."

"எனக்கு அதுதான் தைரியமா இருக்கு. அண்ணன் ரத்தத்தை எந்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்க்கறது?"

ஆபரேஷன் நாள் காலை. டிராலியில் படுத்தபிறகும் அவள் அடம்பிடித்தாள்: பாட்டிலைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன். நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா, "காட்டிடுங்க. இல்லேன்னா மயக்க மருந்துலயும் பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை நர்ஸ் பிடித்துக்கொள்ள, அவள் கழுத்தைத் திருப்பி, ஜன்னலுக்கு நேரே சாய்க்கச் சொன்னாள். வெள்ளை ஒரு பக்கம் ஒதுங்கித் திரும்பி வந்தது. கழுத்தில் ஒன்றும் நிற்கவில்லை.

"மாலை இல்லை," என்றாள். "போலாம்."

அதுதான் அவள் கடைசியாக முழுசாகப் பேசியது. மீண்டும் பேசக் கொஞ்ச நாள் ஆயிற்று.

*

கட்டி வெளியே வந்தது. ரத்தமும் நிறையப் போனது, டாக்டரம்மா பயந்ததைவிட அதிகம். வெள்ளை ஏறியது. சோதனைக்கு எடுத்த ரத்தம் குழாயில் ரோஸ் பால் மாதிரி இருந்ததைப் பார்த்துப் புதிய நர்ஸ் ஒருத்தி "அம்மாடி" என்றாளாம். குளிர் ஜுரம் வந்தது, பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள், போயிற்று. மறுநாள் மத்தியானம் தீவிர சிகிச்சை அறையில் கண் திறந்து படுத்திருந்தாள். முகத்தில் இறுக்கமாக மாஸ்க். விரலில் கிளிப். பக்கத்தில் ஒரு திரை, அதில் தொண்ணூற்றொன்பது.

லிஃப்ட்காரர் பக்கத்திலேயே இருந்தார். ஒரு மனிதர் ஒருநாள் முழுக்க ஒரு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும்? இளைத்துப்போன மாதிரி இருந்தார். சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லி அவள்தான் கையைக் காட்டித் துரத்தினாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தார். புஸ் புஸ் என்று மூச்சு. நெற்றியெல்லாம் வேர்வை. நாலு மாடியும் படியேறி வந்திருக்கிறார். லிஃப்டில் ஏறமாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு லிஃப்டை மட்டுமல்ல போலிருக்கிறது. நாற்காலியில் விழுந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"தொண்ணூத்தொன்பது காட்டுது. எனக்கே இப்ப அவ்வளவு இருக்காது."

அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.

"என் ரத்தம் கசந்துபோச்சா உனக்கு? மெஷின்ல பீச்சின எண்ணெய் இனிக்குதா? கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எவனோ ஒருத்தனுக்காக வெள்ளையை ஏத்திக்கிட்டுப் படுத்திருக்கே. டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! நான் என்னமோ உன் கழுத்தை நெரிச்ச மாதிரி. ஏதாவது பேசேன். நம்பர்தான் நல்லா இருக்கே, அதைக் கழட்டிட்டு ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவே?"

அவள் படுக்கை விரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா மட்டும் இருந்திருந்தா இதைப் பார்த்து..."

அங்கேதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தவள்தான். டாக்டரம்மாவிடம் தெரியும் என்று தலையாட்டினவள்தான். கை போய் மாஸ்க்கை இழுத்தது.

"அப்பாவை இதுல..."

மூன்றாவது வார்த்தை வரவில்லை. நெஞ்சின்மேல் யாரோ காலை வைத்து அழுத்தின மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தாள். காற்று வந்தது, ஆனால் வந்ததில் சத்து இல்லை. கூரை விளக்கு தூரத்துக்குப் போய்க் குட்டியானது. திரையில் அப்போதும் தொண்ணூற்றொன்பது.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்தார்.

"நர்ஸம்மா! நர்ஸம்மா!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் மாஸ்க்கை எடுத்து அவள் முகத்தில் வைத்து அழுத்தினார். "பேசாதே. வேணாம், பேசாதே. இழு. மூச்சை இழு ரேடியோ. இன்னும்... இன்னும்..."

நர்ஸ் ஓடிவந்து, அவர் கையைத் தள்ளி, பட்டையை இழுத்து மாட்டி, குழாயைச் சரிபார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூரை விளக்கு தன் இடத்துக்கு வந்தது.

"யார் கழட்டினது?"

"நான்தான் கழட்டச் சொன்னேன்," என்றார் அண்ணன். முகம் வெளுத்திருந்தது. "நம்பர் நல்லா இருந்துச்சு. அதனால..."

"நம்பரைப் பார்த்துச் சொல்ல நாங்க இருக்கோம். நீங்க கிளம்புங்க சார்."

அவர் எழுந்தார். எழுந்தவரின் சட்டைக் கையை ஏதோ இழுத்தது. பார்த்தால் தங்கையின் விரல்கள், கிளிப் மாட்டின விரலும் சேர்த்து. கண்ணால் நாற்காலியைக் காட்டினாள். உட்கார். சண்டை பாதியில் இருக்கிறது, எங்கே கிளம்புகிறாய்?

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருங்க. அவங்களைப் பேச மட்டும் வைக்காதீங்க. நான் இங்கேயேதான் நிப்பேன்."

அறையில் ஆக்சிஜன் வருகிற சீற்றம் மட்டும் கேட்டது. அண்ணன் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மடித்தார். தங்கை இருக்கிற இடத்தில் இவ்வளவு நிசப்தத்தை, அவள் பிறந்ததிலிருந்து அவர் கேட்டதில்லை. எப்போதும் வாயை மூடு, வாயை மூடு என்று சொன்னவருக்கு, மூடின வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நீ என்ன சொல்ல வந்தேன்னு எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "'அப்பாவை இதுல இழுக்காதே.' அதானே?"

அவள் தலையசைத்தாள்.

"'அப்பா இருந்திருந்தா முதல்ல உன் காதைத்தான் திருகியிருப்பார்.' அதுவும் சொல்லியிருப்பே."

தலையசைப்பு, கொஞ்சம் வேகமாக.

"தெரியும் எனக்கு. நாப்பத்தஞ்சு வருஷமாக் கேக்கறேனே. நான் சொல்லுவேன், ஊர் என்ன பேசும்னு. உடனே நீ, 'ஊருக்கு வேலையில்லை, உனக்குமா இல்லை? கடையைப் போய்ப் பாரு'ம்பே."

அவள் கையைத் தூக்கி, இல்லை என்று ஆட்டினாள்.

"என்ன, அப்படி இல்லையா? பின்னே?... ஓ. 'ஊர்கிட்ட நீ ஏன் போய்ச் சொன்னே?' அதுவா?"

அதுதான். தலை ஆடியது. நர்ஸ் முதுகைக் காட்டி நின்றுகொண்டு குழாயைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சரி. நான் கேப்பேன், இந்த வயசுல உனக்கெதுக்கு ஒரு துணைன்னு. நீ கேப்பே..." அவர் நிறுத்தினார். அவள் விரலை மடக்கி, சொல்லு சொல்லு என்று கூப்பிட்டாள். அண்ணன் குரல் அவரை அறியாமலேயே மேலே ஏறி, தங்கை குரலாகி விட்டது. "'இந்த வயசுல உனக்கு எதுக்கு அண்ணி? அவங்களை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு நீ தனியா இருந்து காட்டேன் பார்ப்போம்!'"

மாஸ்க்குக்குள் ஆவி படிந்தது. அவள் சிரிக்கிறாள். நர்ஸ் தோளும் குலுங்கியது.

"சிரி, சிரி. நான் சொல்லுவேன், எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், உனக்கு ரத்தம் தர்றேன்னு சொன்னதே உன் நல்லதுக்குத்தானேன்னு. அதுக்கு நீ சொல்லுவே, 'நல்லதுக்குத் தர்றவன் எதுக்கு ஆனா ஒண்ணுன்னு...'"

அவர் நின்றுவிட்டார்.

அவள் காத்திருந்தாள். அடுத்து அவர் முறை. அண்ணன் பதில் சொல்லவேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விடுவார். இல்லாவிட்டால் அண்ணியை அதட்டுவார். இன்று அண்ணி இல்லை. எழுந்துபோக முட்டியும் ஒத்துழைக்காது. தானே கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்ல வேண்டும்.

"அதுக்கு நான்..." என்றார்.

ஆக்சிஜன் சீறிக்கொண்டிருந்தது.

"அதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை," என்றார் அண்ணன்.

அப்புறம் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்ட ஆரம்பித்தார். "நர்ஸம்மா, எடுத்துக்கங்க. ஆனா கீனா ஒண்ணும் இல்லை. எடுத்துக்கங்க."

நர்ஸ் தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக, நிச்சயமாக ஆட்டினாள்.

"ஏன், இப்பதான் ஆனா இல்லைன்னு சொல்றேனே! 'தேவைப்படலை'ங்கறியா?"

ஆமாம்.

"'உன் ரத்தம் உங்கிட்டயே இருக்கட்டும், படியேற உதவும்'ங்கறியா?"

ஆமாம், ஆமாம்.

"திமிரு! இந்தத் திமிரு எந்தப் பாட்டில்ல வருது?" அவர் சுருட்டின கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு மிச்சமிருந்த ரோஷத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்துக்கொண்டு, "ஆனா கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். அது மட்டும் நடக்காது" என்றார்.

அவள் பார்த்தாள்.

"'வராட்டிப் போ'ன்னு சொல்லுவே. தெரியும்."

அவள் இல்லை என்றாள்.

"இல்லையா? 'வா அண்ணே'ன்னா?"

அதுவும் இல்லை.

"ரெண்டும் இல்லேன்னா மூணாவதா என்ன இருக்கு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். எவ்வளவு கேட்டும் திறக்கவில்லை. அவருக்குத் தெரியாத அவளுடைய பதில் ஒன்று உலகத்தில் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்காலியில் நெளிந்தார், எழுந்தார், வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். மூடின கண் மூடினபடியே.

வராந்தாவில் லிஃப்ட்காரர் தண்ணீர் பாட்டிலோடு எதிரே வந்தார். இருவரும் நின்றார்கள். அண்ணன் மாதக்கணக்காக எத்தனையோ பேரிடம் இவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்; இவரிடம் பேசினதில்லை.

"கல்யாணத்துக்கு வர மாட்டேன்னு சொன்னேன். அவ என்ன சொல்ல வர்றான்னே தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படிங்க தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்கு அவங்களைத் தெரியாது. கத்துக்கணும்."

அண்ணன் தலையாட்டினார். படிக்கட்டைப் பார்த்தார். முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இந்த லிஃப்ட் ஒழுங்கா வேலை செய்யுமா?"

"இது வேற கம்பெனிங்க. நல்ல லிஃப்ட்தான். பயப்படாமப் போங்க," என்று பொத்தானை அழுத்திவிட்டார் அவர்.

*

அவளுடைய சொந்த ரத்தம் மெதுவாக ஊறியது. இரும்புச் சத்து ஊசி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். வெள்ளை ரத்தத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. அது மூச்சில் போகிறபோது வாசனை உண்டா என்று லிஃப்ட்காரர் கேட்டார்; இல்லை என்று அவள் கையால் சொன்னாள். அண்ணன் தினமும் போன் செய்தார். அவளிடம் இல்லை, லிஃப்ட்காரரிடம். "பேசிட்டாளா?" "இன்னும் இல்லைங்க." "ஏதாவது சைகை காட்டினாளா?" "உங்களுக்குன்னு ஒண்ணும் காட்டலைங்க." ஒருநாள் அண்ணி வாங்கிப் பேசினாள்: "சீக்கிரம் பேசச் சொல்லுங்க தம்பி. வீட்டுல இவர் தூங்க மாட்டேங்கறார். 'வா'வும் இல்லை 'போ'வும் இல்லைன்னா என்னன்னு என்னையே கேட்டு உயிரை எடுக்கறார்."

ஒரு காலையில் டாக்டரம்மா வந்து, அறிக்கையைப் பார்த்து, தானே மாஸ்க்கைக் கழற்றினார். மூக்கின்மேல் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. சிவப்பாக. அதைத் தொட்டுப் பார்த்து டாக்டரம்மா திருப்தியாகத் தலையசைத்தார்.

"இனிமே பேசலாம்."

எல்லாரும் காத்திருந்தார்கள். நர்ஸ், லிஃப்ட்காரர், பார்க்க வந்திருந்த சோதனை அறைத் தோழி, எல்லாரும். அவள் தொண்டையைச் செருமினாள். கையை நீட்டினாள். லிஃப்ட்காரர் போனில் எண்ணை அழுத்திக் கொடுத்தார். முதல் மணிக்கே எடுத்தாயிற்று.

"அண்ணே."

"ரேடியோ! பேசறியா? சொல்லு, சொல்லு, அன்னைக்கு என்ன சொல்ல வந்தே?"

குரல் கரகரத்தது. ஆனால் தெளிவாக இருந்தது.

"கல்யாணத்துக்கு வா."

"அதைத்தானே நான் கேட்டேன்! அதுக்கு நீ இல்லேன்னியே?"

"முழுசாக் கேளு," என்றாள். "வா. ஆனா ஒண்ணு. மாஸ்க் போட்டுக்கிட்டு வா."